உள்ளாட்சி மன்றமும் குடிமக்கள் மொழியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

உள்ளாட்சி மன்றம் வரி விதிப்பதற்கும் சாலை இடுவதற்கும் மட்டும் உரிய அமைப்பன்று. குடிமகன் தன் குறையைத் தன் வாயால் அரசுக்குச் சொல்லக்கூடிய மிக அண்மையான இடமும் அதுவே. எனவே அங்கு எம்மொழியில் பேசப்படுகிறது, பேசியது எம்மொழியில் எழுதப்படுகிறது, எழுதப்பட்டது சொன்னவரிடம் எவ்வாறு திரும்பி வருகிறது என்னும் மூன்று வினாக்களும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியனவாகின்றன. கேரளத்தில் தமிழர் செறிந்து வாழும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளை முன்வைத்து இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுதிகளின் தமிழ் ஒரு தன்மையதன்று. பாலக்காட்டு அக்கிரகாரங்களின் தமிழ் ஒன்று. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி போன்ற ஊர்களில் வழங்கும் உழவர் தமிழ் மற்றொன்று. தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டத் தமிழ் வேறொன்று. தமிழுக்கு நெருங்கிய பேச்சுடைய எரவாளர், மலசர், இருளர், முதுவர் ஆகிய பழங்குடியினரும் இங்கு வாழ்கின்றனர். இவர்கள் அனைவரும் வந்து சேரும் இடம் பஞ்சாயத்து அலுவலகமாகும்.

2. மூன்று ஆட்சி மரபுகள்

இன்று ஒரே மாநிலத்திற்குள் அடங்கும் இப்பகுதிகள் 1949 வரை மூன்று வெவ்வேறு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தன. பாலக்காடு நகரும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சித்தூர் வட்டம் கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. ஆட்சி வேறுபட்டமையால் ஆட்சிச் சொற்களும் வேறுபட்டன. மலபாரில் ‘அம்சம்’, ‘தேசம்’ என்னும் ஊர்ப் பிரிவுகளும், அம்சத்திற்கு ‘அதிகாரி’ என்னும் தலைவரும் இருந்தனர். திருவிதாங்கூரில் ‘பகுதி’ என்பதே வருவாய் ஊரின் பெயர்.

உள்ளாட்சியின் வளர்ச்சியும் இவ்வாறே தனித்தனிப் பாதையில் நிகழ்ந்தது. பாலக்காடு நகராட்சி 1866இல் சென்னை மாகாணச் சட்டத்தின்படி தோன்றியது. பின்னர் 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தால் ஆளப்பட்டது. சிற்றூர்களைப் பொறுத்தவரை, கொச்சியில் 1914இலும் திருவிதாங்கூரில் 1925இலும் கிராமப் பஞ்சாயத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இவற்றுள் மூணாற்று மலைப்பகுதியின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 1877இல் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தினர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு அளித்தனர். அதன் பின்னர்த் தோன்றிய தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் வந்தனர். வீடு, நீர், மருத்துவம் ஆகிய யாவும் தோட்ட நிறுவனத்தின் கையில் இருந்தமையால் தொழிலாளியின் முறையீடு கங்காணிக்கும், அவர் வழியாகத் துரைக்குமே சென்றது. பிற ஊர்களில் ஊர்மன்றம் கேட்க வேண்டிய குறையை இங்கு வேலை கொடுப்பவரே கேட்டார். இம்மரபு குடியரசுக் காலத்திலும் முற்றாக நீங்கவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் குடியிருப்பை முதலாளியின் பொறுப்பாகவே வைத்தது.

3. 1956: இரு சொல்வழக்குகளின் பிரிவு

1953இல் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தன் அறிக்கையை அளித்தது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அங்குள்ள தமிழருள் ஒரு பகுதியினர் நிலைத்து வாழாத தொழிலாளர் என்பதும், பொருளாதாரக் காரணங்களும் காட்டப்பெற்று அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. மலபாரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துக்குரியனவாயின.

மொழி வரலாற்றில் இவ்வாண்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதே 1956இன் இறுதியில் சென்னை மாநிலச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை இயற்றியது. அதனைத் தொடர்ந்து ‘அக்கிராசனர்’ தலைவரானார், ‘அபேட்சகர்’ வேட்பாளரானார், ‘மெம்பர்’ உறுப்பினரானார், ‘முனிசிபாலிட்டி’ நகராட்சியாயிற்று. கேரளத்திலோ 1957இல் கோமாட்டில் அச்சுத மேனன் தலைமையில் ஆட்சிமொழிக் குழு அமைக்கப்பட்டு, மலையாள ஆட்சிச் சொற்கள் உருப்பெறத் தொடங்கின. தமிழ்நாடு வடசொற்களைக் குறைக்கும் திசையில் சென்றது. மலையாளம் வடசொற்களைத் தயக்கமின்றி ஆண்டது.

இதன் விளைவாக எல்லைத் தமிழர் புதிய ஆட்சித் தமிழைத் தம் அலுவலகங்கள் வழியாகப் பெறவில்லை. செய்தித்தாள், வானொலி, தமிழ்வழிப் பள்ளி ஆகியவற்றின் வழியாகவே பெற்றனர். ‘நகராட்சி’, ‘ஊராட்சி’ என்பன அவர்கள் படிக்கும் சொற்கள். ‘நகரசபை’, ‘பஞ்சாயத்து’ என்பன அவர்கள் மனு எழுதும்போது வேண்டப்படும் சொற்கள்.

4. சட்டக் காப்பும் அதன் எல்லையும்

இந்திய அரசமைப்பின் 350ஆம் உறுப்பு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைகளை முறையிடும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. மொழிச் சிறுபான்மையினர் ஒரு பகுதியில் 15 முதல் 20 விழுக்காடு வரை இருப்பின் முக்கிய அறிவிப்புகளை அவர்தம் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுக் காப்புறுதிக் குறிப்பிலும் 1961ஆம் ஆண்டு முதலமைச்சர்கள் மாநாட்டிலும் ஏற்கப்பட்ட நெறியாகும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிகள் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் வழி செய்தது.

இவ்விதிகளின் சொல்லமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். முறையீடு, கடிதம், விடை, அறிவிப்பு என்பனவே இவற்றில் இடம்பெறுகின்றன. இவை அனைத்தும் எழுத்து வடிவின. உள்ளாட்சியின் உயிர்நிலையோ கூடிப் பேசுதல் ஆகும். பேச்சுக்கும் பேச்சின் பதிவுக்கும் உரிய காப்பு இவற்றுள் வெளிப்படையாகக் கூறப்படவில்லை.

5. கிராம சபை: பேச்சும் பதிவும்

1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து 1994இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் நகராட்சிச் சட்டமும் வந்தன. கேரள முறையின் தனித்தன்மை யாதெனில், ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு என்பதாகும். வார்டு உறுப்பினரே அதனைக் கூட்டுபவர். பஞ்சாயத்துத் தலைவர் தலைமை தாங்குவார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் அது கூடவேண்டும். வாக்காளருள் பத்தில் ஒரு பங்கினர் வந்திருத்தல் வேண்டும். 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, இச்சபைகளுக்கு உண்மையான பொருளை அளித்தது. வீடு, கிணறு, கழிப்பறை, ஆடு, மாடு ஆகியவற்றுக்குரிய பயனாளிகள் யார் என்பது சபையில் பேசி முடிவு செய்யப்படலாயிற்று.

எல்லைப் பகுதிச் சபைகளில் பேச்சு பெரும்பாலும் தடையின்றி நடைபெறுகிறது. உறுப்பினர் பலர் தமிழர். அல்லாதாருக்கும் தமிழ் விளங்கும். சிக்கல் பேச்சு முடிந்து நடவடிக்கைப் புத்தகம் திறக்கப்படும்போது எழுகிறது. தமிழில் சொல்லப்பட்ட குறை, எழுதுபவரின் மனத்திலேயே மொழிபெயர்க்கப்பட்டு மலையாளத்தில் பதிவாகிறது. மொழிபெயர்ப்பு நிகழ்ந்தது என்பதற்கு எவ்வடையாளமும் எஞ்சுவதில்லை. மொழிபெயர்த்தவர் பெயரில்லை, மூலமும் இல்லை. கூடியிருந்தோர் கையொப்பமிடும் பக்கத்தைத் தாமே படித்தறிய இயலாதவராய் இருத்தலும் உண்டு.

6. ஒரு படி நகர்ந்த சொற்கள்

இரு மொழிகளும் நெருங்கியவை ஆதலின் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று கருதுவோர் உளர். நெருக்கமே இடர் விளைவிக்கும் என்பதற்குச் சட்டத்துறைச் சொற்கள் நான்கே போதிய சான்றாகும். மலையாளத்தில் ‘நியமம்’ என்பது சட்டமன்றம் இயற்றுவது. ‘சட்டம்’ என்பது அதன்கீழ் அரசு வகுப்பது. ‘விதி’ என்பது நீதிமன்றம் உரைப்பது. ‘தீர்ப்பு’ என்பது அலுவலக வழக்கில் ஒரு மனுவை முடித்துவைத்தல். தமிழிலோ சட்டமன்றம் இயற்றுவது சட்டம். அதன்கீழ் வகுப்பது விதி. நீதிமன்றம் உரைப்பது தீர்ப்பு. மூன்று சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாயினும் ஒவ்வொன்றும் ஒரு படி நகர்ந்து நிற்கிறது. மனுவின் மேல் ‘தீர்ப்பாக்கி’ என்று எழுதினால் கோப்பு மூடப்பட்டது என்பதே பொருள். தமிழ்க் காதுக்கோ யாரோ ஒருவர் இருபுறமும் கேட்டு நீதி வழங்கினார் என்று தோன்றும்.

‘அவகாசம்’ என்னும் சொல் இதனினும் கூர்மையான சான்றாகும். மலையாளத்தில் அது உரிமை. தமிழில் காலம், தவணை. ‘கைவசாவகாசம்’ நிலத்தை அனுபவிக்கும் உரிமையைச் சுட்டும். ‘விவராவகாசம்’ தகவல் அறியும் உரிமை. ‘வனாவகாசம்’ வன உரிமை. உரிமை உண்டு என்று சொல்லப்படும்போது தவணை தரப்பட்டதாகக் கேட்கும் நிலை எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. ‘யோகம்’ மலையாளத்தில் கூட்டம், தமிழில் நற்பேறு. ‘பரிகாரம்’ அங்குக் குறைக்குத் தீர்வு. இங்குக் கோயிலில் செய்வது. ‘அபேட்சகர்’ அங்கு விண்ணப்பதாரர். பழைய தமிழில் தேர்தலில் நிற்பவர். இடுக்கியில் நிலப் போராட்டங்களின் மையச் சொல்லாகிய ‘பட்டயம்’ தமிழ்நாட்டில் பட்டா எனப்படும். தமிழ்நாட்டுப் பட்டயமோ கல்விச் சான்று.

சில இடங்களில் பிரிவுக்கு அடியில் ஒற்றுமையும் புலப்படுகிறது. மலையாள ‘அங்கம்’, தமிழ் ‘உறுப்பினர்’ ஆகிய இரண்டும் உடலுறுப்பின் பெயரால் மன்றத்தினரைச் சுட்டுகின்றன. சொல் வேறாயினும் உருவகம் ஒன்றே.

7. பெருமாட்டி: குறை வழக்கான வரலாறு

குடிமக்கள் குறையை உள்ளாட்சி செவிமடுத்தமைக்கு இப்பகுதியின் நன்கறியப்பட்ட சான்று சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்தாகும். பிளாச்சிமடையில் கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலைக்கு 2000இல் உரிமம் அளித்ததும், 2003 ஏப்ரலில் அதனைப் புதுப்பிக்க மறுத்ததும் அப்பஞ்சாயத்தே. இடையில், 2002 ஏப்ரல் 22இல், எரவாளர், மலசர் குடியிருப்பினர் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் முன்னின்ற மயிலம்மா எரவாளர் குலத்தவர், 2007இல் மறைந்தார்.

அப்பெண்கள் கூறிய குறை நீரின் சுவை மாறியது, சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்பன போன்றவை. பஞ்சாயத்தின் முடிவில் அது நிலத்தடி நீரின் மிகையான சுரண்டல், குடிநீர்த் தட்டுப்பாடு என மாறியது. 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரியது. அரசு அதன் அறங்காவலர் என்று உரைத்தார். 2005இல் அவ்வுயர்நீதிமன்றத்தின் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, மீண்டும் இயங்கவில்லை. ஒரே குறை வாய்மொழி, தீர்மானம், நீதிமன்ற உரை என மூன்று மொழிநிலைகளைக் கடந்திருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அது வலுப்பெற்றது. அதே வேளையில் சோறும் உடம்பும் படிப்படியாக நீங்கின. பஞ்சாயத்து முதற்படியில் அதனைச் செவிமடுத்திராவிடில் ஏனைய படிகளில் அதன் பயணம் வேறாயிருக்கும்.

8. மூணாறும் இடமலைக்குடியும்

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காட்டுப் போனஸ் கோரித் தொழிற்சங்கங்களைத் தவிர்த்துத் தாமே திரண்டனர். ‘பெம்பிளை ஒருமை’ என்பது அவர்கள் பூண்ட பெயர். இலக்கணம் பயின்றவர்க்கு ஒருமை பன்மையின் எதிர். மலையாள ‘ஒரும’யோடு பழகிய அப்பெண்களுக்கு அது ஒற்றுமை. அதே ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலில் அவ்வமைப்பினர் சில இடங்களையும் வென்றனர். துரையிடம் முறையிட்ட மரபினர் மன்றத்தின் உறுப்பினராயினர் என்பது இதன் வரலாற்றுப் பொருள்.

2010இல் மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிந்து, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக இடமலைக்குடி உருவாயிற்று. காட்டின் நடுவே சிதறிக் கிடக்கும் முதுவர் குடிகளுக்குரிய அதன் அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்திலேயே இயங்கியது. தம் அலுவலகத்தை அடையவே மலையிறங்க வேண்டியிருந்தவர்க்கு மொழித் தொலைவு இரண்டாவது தொலைவாகும்.

மொழிபெயர்ப்பில் ஒரு தொடர் விடுபடின் நேர்வது யாது என்பதை 2021ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டும். தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவருக்குத் தரப்பட்ட தமிழ் வாசகத்தில் ஆண்டவன் பெயரால் என்றோ உளமார என்றோ அமையவேண்டிய தொடர் இல்லாதிருந்தது. ஆதலின் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. சட்டமன்ற உறுப்பினரின் வாசகத்தில் நேர்ந்த குறை சில நாட்களில் கண்டறியப்பட்டது. ஒரு வார்டுக் கூட்டத்தின் பதிவில் நேரும் குறையைக் கண்டறியும் வாய்ப்போ அரிது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, எல்லைப் பகுதி உள்ளாட்சியின் மொழிச் சிக்கல் 1956–57இல் இரு மாநிலங்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கிய இருவேறு சொல்லாக்க முயற்சிகளின் விளைவுமாகும். இரண்டு, சட்டக் காப்பு எழுத்தைச் சூழ்ந்து நிற்கிறது. குறையோ பேச்சில் பிறக்கிறது. மூன்று, இனமொழிகளுக்கிடையே பொதுச்சொல் மிகுதியாதலின் பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது.

தீர்வும் பெருஞ்செலவினதன்று. நடவடிக்கைப் பதிவைக் கையொப்பத்துக்கு முன் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுதல், மனுவின் முடிவைத் தமிழிலும் எழுதித் தருதல், வடிவொத்துப் பொருள் மாறிய சொற்களுக்கெனச் சிறு கையகராதி ஒன்றை அலுவலர்க்கு அளித்தல் ஆகியன உடனடியாக இயல்வன. இலங்கையில் 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தோட்டப் பகுதிப் பிரதேச செயலகங்கள் சில இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது. கையகராதியைத் தொகுக்கும் பணி நம் துறையினருடையது. ‘தீர்ப்பாக்கி’ என்ற முத்திரையோடு திரும்பி வரும் மனுவைக் கையில் வைத்திருப்பவர், தம் குறை கேட்கப்பட்டதா, கோப்பு மட்டும் மூடப்பட்டதா என்பதைத் தாமே அறிதல் வேண்டும். அதுவே அவ்வகராதியின் பயனாகும்.