இயங்கியல் நடத்தைச் சிகிச்சை

உணர்ச்சி பொங்கும்போது தாங்க முடியாமல் தம்மைக் காயப்படுத்திக்கொள்வோருக்கும் தற்கொலைக்கு முயல்வோருக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய உளச்சிகிச்சை முறை, ஆங்கிலச் சுருக்கமாக டி.பி.டி.

இதன் வேர் லினஹனின் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது. 1961இல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டார். மனச்சிதைவு என்றார்கள். மாத்திரைகள், மின்னதிர்ச்சி, தனியறைச் சிறை எதுவும் உதவவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தபோது, இந்த நரகத்திலிருந்து நான் மீள்வேன், பிறரையும் மீட்பேன் என்ற சபதம் அவரிடம் இருந்தது. 1971இல் சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1977இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே முதலில் அவர் கையாண்டது வழக்கமான நடத்தைச் சிகிச்சை. ‘இதை மாற்று, அதை மாற்று’ என்றதும் நோயாளிகள் நொந்துபோனார்கள். குற்றமெல்லாம் தங்கள்மீதே சுமத்தப்படுவதாக உணர்ந்தார்கள். சரி, இருப்பதை ஏற்றுக்கொள்வோம் என்று திரும்பினால், ‘அப்படியானால் என் வேதனைக்கு வழியே இல்லையா?’ என்று கொதித்தார்கள். இரண்டையும் ஒரே கையில் பிடித்ததுதான் அவருடைய பெரிய சாதனை. ஏற்பைக் கற்க ஜென் மடம் தேடிப் போனார். கலிபோர்னியாவின் சாஸ்தா மடத்திலும், பிறகு ஜெர்மனியில் ஜென் ஆசிரியர் வில்லிகிஸ் யேகரிடமும் பயின்றார்.

பெயர் வந்த வழியும் சுவையானது. மார்க்சியத் தத்துவம் படித்துக்கொண்டிருந்தவரை மணந்திருந்த அலுவலக உதவியாளர் ஒருவர்தான், இது இயங்கியல் அல்லவா என்று லினஹனிடம் சொன்னார். முரண்பட்ட இரண்டும் மோதி, அதிலிருந்து புதியது பிறக்கும் என்ற அந்தக் கருத்தைத் தமிழ் வாசகரும் மார்க்சிய நூல்கள் வழியாகவே அறிவர்.

சிலர் பிறவியிலேயே கூர்மையாக உணர்பவர்கள். அவர்கள் சட்டென்று கொதிப்பார்கள். கொதிப்பு அடங்க நெடுநேரம் ஆகும். சுற்றியிருப்பவர்கள் ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்று அலட்சியப்படுத்திக்கொண்டே இருந்தால், தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதைத் தணிக்கவும் அந்தப் பிள்ளை கற்பதே இல்லை. இந்த உணர்ச்சிக் கொந்தளிப்பின் தோற்றத்துக்கு லினஹன் தந்த விளக்கம் இது. கற்காததைக் கற்பிக்கலாம் என்பதே சிகிச்சையின் நம்பிக்கை.

வாரந்தோறும் தனிச் சந்திப்பு ஒன்று, குழு வகுப்பு ஒன்று. இடையில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். சிகிச்சையாளர்களும் தளர்ந்துவிடாதிருக்கத் தங்களுக்குள் கூடிப் பேசுகிறார்கள். வகுப்பில் மனவிழிப்பு, வேதனையைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவுகளைப் பேணுதல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பாடங்கள் வியக்கத்தக்க அளவு எளியவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தணியும். பொங்கிய மனம் யோசிக்கச் சற்று அவகாசம் கிடைக்கும். (இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.) காரணமில்லாத அச்சம் ‘ஓடு’ என்றால், ஓடாமல் அதை நோக்கி நடக்க வேண்டும். கையைக் கிழித்துக்கொண்ட நாளை எடுத்துக்கொண்டு, தோழி போனை எடுக்காத நொடியிலிருந்து பிளேடு கைக்கு வந்த நொடி வரை கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எந்தக் கண்ணியை அறுத்திருக்கலாம் என்று தேடுவார்கள். அங்கே ஏச்சுக்கு இடமில்லை.

1991இல் முதல் ஒப்பீட்டு ஆய்வு வெளிவந்தது. 1993இல் லினஹனின் பாடநூல். இரண்டும் எடுத்துக்கொண்ட, நிலையற்ற உறவும் கொந்தளிப்பும் கொண்ட பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு தீராதது என்று பலர் கைவிட்டிருந்த காலம் அது. 2006இல் வந்த ஆய்வில், தேர்ந்த நிபுணர்களின் பிற சிகிச்சையைப் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, டி.பி.டி. பெற்ற பெண்களிடையே தற்கொலை முயற்சி ஏறக்குறையப் பாதியாக இருந்தது. பின்னர் வளரிளம் பருவத்தினருக்கு ஏற்ப இது மாற்றப்பட்டபோது பெற்றோரும் பிள்ளைகளோடு வகுப்பில் அமர்ந்தனர்.

லினஹனின் கைத்தழும்புகளைப் பார்த்த நோயாளி ஒருவர், நீங்களும் எங்களில் ஒருவரா என்று அவரிடம் கேட்டதுண்டு. 2011இல், தாம் அடைபட்டிருந்த அதே ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைக்குச் சென்று, அங்கே கூடியிருந்தோர் முன் தம் கதையை அவர் முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார்.