புனைகதைகளில் காந்தி

மகாத்மா காந்தி (மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, அக்டோபர் 2, 1869 - ஜனவரி 30, 1948) பல புதினங்களிலும் சிறுகதைகளிலும் திரைப்படங்களிலும் கதைமாந்தராக இடம்பெற்றுள்ளார். இவற்றுள் பலவற்றில் கதைத்தலைவர் எழுத்தாளரின் கற்பனையில் பிறந்தவர். காந்தி அவருடைய வாழ்வில் சிறிது நேரமே தோன்றி மறைகிறார். முல்க் ராஜ் ஆனந்தின் பாக்கா, ராஜா ராவின் மூர்த்தி, ஆர். கே. நாராயணின் ஸ்ரீராம், கமல்ஹாசனின் சாகேத் ராம், ராஜ்குமார் ஹிரானியின் முன்னா ஆகியோர் இவ்வாறு காந்தியைக் காணும் கற்பனை மாந்தருள் நன்கு அறியப்பட்டவர்கள்.

காந்தி எங்கு சென்றார், என்ன பேசினார், எந்நாளில் எவ்வாறு இறந்தார் என்பன பரவலாக அறியப்பட்டவை. எனவே கற்பனை மாந்தர் எவரும் அவரது வாழ்வின் போக்கை மாற்ற இயலாது. இந்த எல்லைக்குள் நின்று சந்திப்பை அமைப்பதற்கு எழுத்தாளர்கள் வெவ்வேறு வழிகளைக் கையாண்டுள்ளனர்.

பின்னணி

வரலாற்று மாந்தரைக் கற்பனை மாந்தருடன் சந்திக்க வைக்கும் உத்தி, ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் வேவர்லி (1814) புதினத்தின் பின் ஐரோப்பாவில் பரவலாயிற்று. இப்புதினத்தில் எட்வர்டு வேவர்லி என்னும் கற்பனை இளைஞன், 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவரான இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டைச் சந்திக்கிறான். லியோ டால்ஸ்டாயின் போரும் அமைதியும் புதினத்தில், ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் காயமுற்றுக் கிடக்கும் இளவரசர் ஆந்திரேய் நெப்போலியனைக் காண்கிறார். அங்கேரியத் திறனாய்வாளர் கேயோர்க் லூக்காச், ஸ்காட்டின் புதினங்களில் சாதாரண மனிதன் நடுவிலும் பெரும் தலைவர்கள் ஓரத்திலும் நிற்பதே அவற்றின் வலிமை என்று கருதினார். காந்தி இடம்பெறும் இந்தியப் புதினங்களும் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன.

காந்தியைப் பொறுத்தவரை ஒரு சிறப்பு நிலை உண்டு. அவர் உயிருடன் இருந்தபோதே புதினங்களில் கதைமாந்தராகிவிட்டார். தீண்டாமை, விடுதலை, பிரிவினை ஆகியவை குறித்த கருத்து மோதல்கள் முடிவுறாத நிலையிலேயே இப்படைப்புகள் எழுதப்பட்டன.

புதினங்கள்

தீண்டத்தகாதவன் (1935)

முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய இப்புதினம், துப்புரவுப் பணி செய்யும் பாக்கா என்னும் பதினெட்டு வயது இளைஞனின் ஒருநாள் வாழ்வைக் கூறுகிறது. இதற்கு ஈ. எம். ஃபார்ஸ்டர் முன்னுரை எழுதினார். இலங்கை எழுத்தாளர் கே. கணேஷ் இதனைத் தீண்டாதான் என்ற பெயரில் தமிழாக்கினார்.

காலையில் தெருவில் ஒருவரைத் தவறுதலாகத் தொட்டுவிட்டதற்காக அறைபட்ட பாக்கா, மாலையில் காந்தி பேசும் பொதுக்கூட்டத்தை அடைகிறான். கூட்டத்தில் பிறர்மேல் படாமல் நிற்க இயலாத அவன், மரத்தின் மேல் ஏறி அமர்ந்து காந்தியின் பேச்சைக் கேட்கிறான். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. தீண்டாமையின் கொடுமையை ஆசிரியர் தனியே விளக்காமல் இத்தொலைவின் மூலமே உணர்த்துகிறார்.

காந்தி இங்கு ஆற்றும் உரை முற்றிலும் கற்பனையன்று. சிறுவயதில் தம் வீட்டுக்கு வந்த ஊக்கா என்னும் துப்புரவுப் பணியாளரைத் தொடக் கூடாது என்று சொல்லப்பட்டதைக் காந்தி 1921இல் அகமதாபாத்தில் நிகழ்ந்த ஒடுக்கப்பட்டோர் மாநாட்டில் விவரித்திருந்தார். அச்செய்தி புதினத்திலும் இடம்பெறுகிறது. பாக்கா அவ்வுரையால் நெகிழ்கிறான். ஆயினும் அவனுக்கு அது முழு விடையாக அமைவதில்லை. உரைக்குப் பின் இக்பால் நாத் சரஷார் என்னும் கற்பனைக் கவிஞர், மனிதர் கையால் மலம் அள்ளும் தேவையையே ஒழிக்கும் நீர்க்கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் நினைத்தவாறே பாக்கா வீடு திரும்புகிறான்.

இப்புதினத்தின் கைப்படியைச் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியிடம் படித்துக் காட்டியதாகவும், அவரது அறிவுரைப்படி பல பக்கங்களை நீக்கியதாகவும் ஆனந்த் பின்னாளில் கூறியுள்ளார்.

காந்தபுரா (1938)

ராஜா ராவ் எழுதிய இப்புதினம், தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றில் விடுதலைப் போராட்டம் நுழைந்த கதையை அச்சக்கா என்னும் மூதாட்டியின் வாய்மொழியாகக் கூறுகிறது. காந்தி நேரில் எங்கும் தோன்றுவதில்லை. ஊர்த் தலைவனாக உருவாகும் மூர்த்தி அவரை ஒரு மனக்காட்சியில் காண்கிறான். அக்காட்சிக்குப் பின் அயல்நாட்டுத் துணியையும் கல்லூரிப் படிப்பையும் துறக்கிறான்.

ஊரில் நிகழும் அரிகதை ஒன்றில் காந்தியின் பிறப்பு புராணப் பாணியில் கூறப்படுகிறது. வாழும் மனிதர் ஒருவர் எவ்வாறு மக்கள் நாவில் தொன்மமாக மாறுகிறார் என்பதை இப்பகுதி காட்டுகிறது. ஆயினும் புதினத்தின் முடிவில் மூர்த்தி காந்தியின் வழியில் ஐயம் கொண்டு, ஜவகர்லால் நேருவின் சமவுடைமைக் கருத்துகளை நோக்கி நகர்கிறான்.

மகாத்மாவுக்காகக் காத்திருத்தல் (1955)

ஆர். கே. நாராயண் தமது கற்பனை ஊரான மால்குடிக்குக் காந்தியை வரவழைத்து எழுதிய புதினம் இதுவாகும். பாட்டியின் வளர்ப்பில் கவலையின்றி வாழும் ஸ்ரீராம், நிதி திரட்ட வந்த பாரதி என்னும் பெண்ணின் மீது கொண்ட காதலால் காந்தியின் தொண்டர் குழுவில் சேர்கிறான். அவனைக் காந்தியிடம் இட்டுச் செல்வது கொள்கையன்று, காதலே என்பதை நாராயண் மறைக்கவில்லை.

மால்குடி நகராட்சித் தலைவர் தம் மாளிகையைக் காந்திக்காக ஒழுங்கு செய்து வைக்கிறார். காந்தியோ துப்புரவுப் பணியாளர் குடிசையில் தங்குகிறார். காந்தி பிற்காலத்தில் தில்லி முதலிய நகரங்களில் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளில் தங்கியவர் ஆதலால், இக்காட்சி கற்பனையாயினும் அவரது இயல்புக்கு ஒத்ததாகும்.

1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் பாரதி சிறை செல்கிறாள். வழிகாட்டி இல்லாத ஸ்ரீராம், ஜகதீஷ் என்பவனுடன் சேர்ந்து வன்முறைச் செயல்களில் ஈடுபட்டுச் சிறைப்படுகிறான். விடுதலைக்குப் பின் இருவரும் தில்லியில் சந்திக்கின்றனர். திருமணத்திற்குக் காந்தியின் ஒப்புதலைப் பெற அவர்கள் பிர்லா மாளிகைக்குச் செல்லும் நாள் ஜனவரி 30, 1948. காந்தி ஒப்புதல் அளித்துவிட்டு வழிபாட்டுக் கூட்டத்திற்கு நடக்கிறார். அங்கு அவர் சுடப்படுவதுடன் புதினம் முடிகிறது. திருமணம் பற்றிப் பின்னர் எதுவும் கூறப்படவில்லை.

திரைப்படங்கள்

ஒன்பது மணிநேரம்

ஸ்டான்லி வோல்பர்ட் 1962இல் எழுதிய நைன் அவர்ஸ் டு ராமா என்னும் ஆங்கிலப் புதினம், காந்தி கொல்லப்பட்ட நாளின் கடைசி ஒன்பது மணிநேரத்தை விவரிக்கிறது. மார்க் ராப்சன் இயக்கிய திரைப்படம் 1963இல் வெளிவந்தது. இதில் கொலையாளி நாதுராம் கோட்சே உண்மை மாந்தர். அவரைத் தேடும் காவல் அதிகாரி கோபால் தாஸ் கற்பனை மாந்தர். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த பின்னரும், வழிபாட்டுக்கு வருவோரைச் சோதனையிடக் காந்தி உடன்படவில்லை என்பது வரலாறு. எனவே கோபால் தாஸ் எவ்வளவு விரைந்தாலும் தோற்பார் என்பதைப் பார்வையாளர் முன்னரே அறிவர். இப்படைப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

காந்தி (1982)

ரிச்சர்டு அட்டன்பரோ இயக்கிய இப்படம் வாழ்க்கை வரலாறாயினும் கற்பனை மாந்தரும் இதில் உள்ளனர். மார்ட்டின் ஷீன் நடித்த வின்ஸ் வாக்கர் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் அவர்களுள் ஒருவர். 1930 மே 21 அன்று தராசனா உப்பு அறப்போரில் தொண்டர்கள் தாக்கப்பட்டதை உலகுக்கு அறிவித்த உண்மைச் செய்தியாளர் வெப் மில்லர் ஆவார். படத்தில் அப்பணியை வாக்கர் செய்கிறார்.

ஓம் பூரி நடித்த நகாரி என்னும் மாந்தரின் காட்சி பரவலாக நினைவுகூரப்படுவதாகும். கல்கத்தா உண்ணாநோன்பின்போது வரும் அவர், கலவரத்தில் ஒரு முஸ்லிம் குழந்தையைக் கொன்றதாகக் காந்தியிடம் கூறுகிறார். பெற்றோரை இழந்த ஒரு முஸ்லிம் சிறுவனை எடுத்து, முஸ்லிமாகவே வளர்க்குமாறு காந்தி கூறுகிறார். 1947 செப்டம்பரில் கல்கத்தாவில் காந்தி உண்ணாநோன்பு இருந்ததும் கலவரக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைத்ததும் உண்மை நிகழ்ச்சிகளாகும். நகாரி இதற்காகப் படைக்கப்பட்டவர்.

ஹே ராம் (2000)

கமல்ஹாசன் எழுதி இயக்கி நடித்த இப்படம் தமிழிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டது. தொல்லியலாளரான சாகேத் ராம், 1946 ஆகஸ்டில் கல்கத்தாக் கலவரத்தில் மனைவி அபர்ணாவை இழக்கிறார். அதற்குக் காந்தியே காரணம் என்று நம்பவைக்கப்பட்டு, அவரைக் கொல்வதற்காகத் தில்லி செல்கிறார். அங்குத் தம் பழைய நண்பர் அம்ஜத் கானைச் சந்தித்ததன் விளைவாக மனம் மாறுகிறார்.

பின்னர் காந்தியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க முயல்கிறார். நசிருதீன் ஷா நடித்த காந்தி, தாம் பாகிஸ்தானுக்கு மேற்கொள்ளவிருக்கும் பயணத்தைப் பற்றிப் பேசியவாறு வழிபாட்டுக்கு நடக்கிறார். காந்தி பாகிஸ்தான் செல்ல எண்ணியிருந்தது வரலாற்று உண்மையாகும். சாகேத் ராம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் முன்னரே கோட்சே சுட்டுவிடுகிறார். ஆகவே மன்னிப்புக் கிடைப்பதில்லை. காந்தியின் மூக்குக் கண்ணாடியையும் காலணியையும் சாகேத் ராம் வாழ்நாள் முழுதும் பாதுகாக்கிறார். இறுதியில் அவை காந்தியின் கொள்ளுப்பேரன் துஷார் காந்தியிடம் ஒப்படைக்கப்படுகின்றன. துஷார் காந்தி தாமாகவே இப்படத்தில் தோன்றியது குறிப்பிடத்தக்கது.

லகே ரஹோ முன்னாபாய் (2006)

ராஜ்குமார் ஹிரானி இயக்கிய இந்தி நகைச்சுவைப் படமான இதில், மும்பைச் சண்டியரான முன்னா, தான் விரும்பும் வானொலி அறிவிப்பாளரைக் கவர்வதற்காகக் காந்தியைப் பற்றி நூலகத்தில் இரவு பகலாகப் படிக்கிறான். அதன் பின் காந்தி அவன் கண்ணுக்கு மட்டும் தோன்றுகிறார். காந்தியாகத் திலீப் பிரபாவல்கர் நடித்தார்.

முன்னாவுக்குத் தெரியாத எதையும் இந்தக் காந்தியால் கூற முடிவதில்லை என்பதை ஒரு மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் மெய்ப்பிக்கிறார். புனைகதையில் வரும் எந்தக் காந்திக்கும் இது பொருந்தும். அவரைப் படைத்தவர் அறிந்ததற்கு மேல் அவர் எதையும் அறியார். படத்தில் பயன்படுத்தப்பட்ட 'காந்திகிரி' என்ற சொல் பின்னர் இந்தியாவில் அமைதியான எதிர்ப்புகளைக் குறிக்க வழங்கலாயிற்று.

மாற்று வரலாறும் தொடர்புடைய உத்திகளும்

அமெரிக்க எழுத்தாளர் ஹாரி டர்ட்டில்டவ் 1988இல் வெளியிட்ட தி லாஸ்ட் ஆர்ட்டிகிள் என்னும் சிறுகதை, வரலாற்று எல்லையை வேண்டுமென்றே மீறுகிறது. இதில் இரண்டாம் உலகப் போரில் வென்ற ஜெர்மனி இந்தியாவைக் கைப்பற்றுகிறது. அறப்போரைத் தொடங்கும் காந்தி, தளபதி வால்ட்டர் மோடலின் படையால் கொல்லப்படுகிறார். எதிரிக்கு மனச்சான்று இல்லாதபோது அறப்போர் வெல்லுமா என்பது கதை எழுப்பும் வினா. 1938இல் ஜெர்மானிய யூதர்களுக்குக் காந்தி அறப்போரைப் பரிந்துரைத்தது முதல் இவ்வினா கேட்கப்பட்டு வருகிறது.

சசி தரூரின் தி கிரேட் இந்தியன் நாவல் (1989), காந்தியைப் பெயர் மாற்றிக் கங்காஜி என்னும் பீஷ்மராகச் சித்தரிக்கிறது. சல்மான் ருஷ்டியின் நள்ளிரவின் குழந்தைகள் (1981) புதினத்தில் கதைசொல்லி சலீம், காந்தி இறந்த நாளைத் தவறாகக் கூறுகிறான். பின்னர் தவறென்று உணர்ந்தும் திருத்த மறுக்கிறான்.

விமர்சனங்கள்

காந்தியின் எழுத்துகளும் உரைகளும் நூறு தொகுதிகளாக வெளியிடப்பட்டுள்ளன. ஆகையால் அவர் உண்மையில் கூறியது எது, கற்பனை எது என்பதைச் சரிபார்க்க இயலும். எனினும் திரையில் கேட்ட உரையாடல்களை அவர் சொன்னவையாகவே மேற்கோள் காட்டும் வழக்கம் உள்ளது. பாக்கா கேட்கும் உரைக்குச் சான்று உண்டு. நகாரி கேட்கும் அறிவுரைக்கு அத்தகைய சான்று காட்டப்படுவதில்லை. படிப்போருக்கும் பார்ப்போருக்கும் இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

மற்றொரு விமர்சனம் யார் இடம்பெறவில்லை என்பது பற்றியதாகும். தீண்டாமையை மையமாகக் கொண்ட ஆனந்தின் புதினத்தில் பாக்காவின் முன் வைக்கப்படும் வழிகளுள் அம்பேத்கரின் வழி இல்லை. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதிகள் வழங்குவது குறித்துக் காந்தியும் அம்பேத்கரும் மோதி, 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் செய்துகொண்ட மூன்றாண்டுகளுக்குள் வெளிவந்த நூல் இது. கற்பனை மாந்தர் யாரைச் சந்திக்கிறார் என்பதுடன், யாரைச் சந்திக்காமல் போகிறார் என்பதும் எழுத்தாளரின் தெரிவே என்று திறனாய்வாளர்கள் சுட்டுகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

* வரலாற்றுப் புதினம்
* மால்குடி
* பூனா ஒப்பந்தம்
* மாற்று வரலாறு