உயிர் வரிசையில் நமக்கு இடம் உண்டா?

இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்குச் சுலபமானது. ஒரே ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது. அது பொருந்தக்கூடியவர்கள் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்க்குக் கொடுங்கள் என்பார் ஒருவர். வயதில் இளையவருக்கு என்பார் இன்னொருவர். படித்தவர், நாட்டுக்குப் பயன்படுகிறவர், அவருக்குத்தான் முதலில் என்பார் மூன்றாமவர். "குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவனுக்கு எதற்கு?" என்றும் ஒரு குரல் கட்டாயம் வரும்.

எல்லாமே நியாயம் போலத்தான் கேட்கிறது. ஆனால் இந்தப் பதில்களில் பலவற்றை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்புச் சொல்வோம். கெடாவின் தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கு இந்த வரலாற்றில் தனிப் பாடமே இருக்கிறது.

ஏழு பேர் கொண்ட குழு

முதலில் அமெரிக்காவின் சியாட்டல் நகருக்குப் போவோம். 1960ல் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், ஒரு நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்வதற்கான வழியைக் கண்டுபிடித்தார். அதுவரை சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தால் பெரும்பாலும் மரணம்தான். இப்போது பிழைக்க வழி வந்துவிட்டது. ஆனால் இயந்திரங்கள் சில. நோயாளிகளோ பலர்.

1962ல் திறக்கப்பட்ட அந்த நகரின் டயாலிசிஸ் மையம் ஒரு குழுவை அமைத்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர், அரசாங்க அதிகாரி, அறுவைச் சிகிச்சை மருத்துவர் என ஏழு பேர். யாருக்கு இயந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், சொத்து எவ்வளவு, என்ன படிப்பு, என்ன வேலை, நாளைக்கு ஊருக்கு என்ன செய்வார் என்றெல்லாம் பார்த்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் 'லைஃப்' இதழ் இதை வெளியிட்டபோது அமெரிக்கா அதிர்ந்தது. 'கடவுள் குழு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கெட்ட எண்ணத்தோடு யாரும் அங்கே உட்காரவில்லை. ஆனாலும் தங்களைப் போல வாழ்கிறவர்களைத்தான் அவர்கள் 'தகுதியானவர்கள்' என்று கண்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. தனித்து வாழ்பவன், நிலையான வேலை இல்லாதவன், ஊரோடு ஒத்துப்போகாதவன் ஆகியோருக்கு அந்த மேசையில் வாதாட யார் இருந்தார்கள்? 1972ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்து டயாலிசிஸ் செலவை அரசாங்கமே ஏற்றது. குழுவுக்கு வேலை இல்லாமல் போனது.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தக் குழுவின் முன் நம் பால்மரத் தொழிலாளி ஒருவரின் விண்ணப்பம் போயிருந்தால்? சொத்து: இல்லை. படிப்பு: தமிழ்ப்பள்ளி மூன்றாம் வகுப்பு. வீடு: தோட்டத்து லயம். முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடித்தவனுக்குக் கல்லீரலா?

காற்பந்து ரசிகர்களுக்கு ஜார்ஜ் பெஸ்டைத் தெரியும். மான்செஸ்டர் யுனைடெட்டின் பெரும் ஆட்டக்காரர். குடியால் கல்லீரல் கெட்டு, 2002ல் லண்டனில் மாற்றுக் கல்லீரல் பெற்றார். மறுபடியும் குடித்தார். 2005 நவம்பரில் இறந்துபோனார். ஒரு நல்ல கல்லீரல் வீணாயிற்றே என்று இங்கிலாந்தே விவாதித்தது.

அதனால்தான் பல நாடுகளில், குடியால் கல்லீரல் கெட்டவர் ஆறு மாதமாவது குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. புதிய உறுப்பு நிலைக்குமா என்று மருத்துவர் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது மருத்துவக் கணக்கு. "அவன் செய்த பாவத்துக்கு அவன் அனுபவிக்கட்டும்" என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

ஏன் என்பதைக் கெடாவின் சரித்திரமே சொல்கிறது. நம் பாட்டன்மார் வேலை செய்த தோட்டங்களில் கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதற்கு உரிமம் கொடுத்தது அரசாங்கம். வாசலைத் திறந்துவிட்டது நிர்வாகம். சம்பளம் ஒரு கையால் வந்து இன்னொரு கையால் போனது.

இதைச் சகிக்காத தொழிலாளர்கள், 1946-47ல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் 'தொண்டர் படை'யாகத் திரண்டார்கள். கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். 1947ல் போலீசாரோடு மோதல் வந்தது. கைது, சிறை என்று நீண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. கள்ளை விற்றவர்கள் உத்தியோகத்தில் இருந்தார்கள். கள் வேண்டாம் என்றவர்கள் சிறைக்குப் போனார்கள். பின்னாளில் கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டது.

இந்தக் கதையை மறந்துவிட்டு, கல்லீரல் கெட்டுக் கிடக்கும் முதிய தோட்டத் தொழிலாளியைப் பார்த்து "தானாகத் தேடிக்கொண்டது" என்று எப்படிச் சொல்வது? மனிதனின் தவறை அளக்கும் தராசு எந்த மருத்துவமனையிலும் இல்லை.

பணம் வைத்திருப்பவருக்கு முதலிடம்

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. அதில் குழுவும் இல்லை, கேள்வியும் இல்லை. விலை கொடுப்பவருக்கு உறுப்பு. அந்தச் சந்தை நம் சொந்தக்காரர்களின் ஊரிலேயே நடந்தது என்பதுதான் வேதனை.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் மலேசியாவிலிருந்து சிறுநீரகம் தேடி இந்தியாவுக்குப் போனவர்கள் பலர். சென்னையின் வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்ற ஏழைகள் அத்தனை பேர் இருந்ததால் அந்த ஊரைக் 'கிட்னிவாக்கம்' என்றே அழைத்தார்கள். 1994ல் இந்தியா உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

விற்றவர்கள் பிழைத்தார்களா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்த ஓர் ஆய்வு 2002ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 அமெரிக்க டாலர், அதாவது பேசிய தொகையைவிடக் குறைவு. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. கடனும் தீரவில்லை, உடம்பும் தேறவில்லை.

இந்தியாவின் கதவு மூடியதும் நம் நாட்டவர் சீனாவுக்குப் போனார்கள். அங்கே கிடைத்த உறுப்புகளில் பல மரண தண்டனைக் கைதிகளுடையவை என்பதை அந்நாட்டு அதிகாரிகளே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். இப்படி வாங்கி வருகிறவர்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் மாற்று உறுப்புக்கான மருந்து கிடையாது என்று 2012 முதல் நம் சுகாதார அமைச்சு நிபந்தனை விதித்தது. கடுமையானதுதான். ஆனால் ஒருவர் உயிருக்காக இன்னொருவர் வறுமையை விலைபேசுவது நியாயமா என்ற கேள்விக்கு அதுதான் அமைச்சின் பதில்.

பந்தி சரி, மண்டபக் கதவு?

இப்போது நம் நாட்டு முறையைப் பார்ப்போம். 1974ல் மனிதத் திசுச் சட்டம் வந்தது. 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. இன்று இறந்தவரின் சிறுநீரகம் கணினிப் பட்டியல் வழியாகப் பகிரப்படுகிறது. ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், வயது, எத்தனை காலமாக டயாலிசிஸ் செய்கிறார் என்பவை கணக்கில் வரும். இனத்துக்கோ பதவிக்கோ புள்ளி இல்லை. சியாட்டல் குழுவைவிடவும் சென்னைச் சந்தையைவிடவும் இது எவ்வளவோ மேல்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. நம் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு உட்கார்ந்தவர்களுக்குப் பாகுபாடில்லாமல் பரிமாறுவார்கள். ஆனால் மண்டபத்துக்கு வெளியே நிற்பவருக்கு இலையே கிடையாதே!

அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டுமென்றால் முதலில் நோயைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். டயாலிசிஸில் உயிரோடு இருக்க வேண்டும். கோலாலம்பூருக்குப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். நள்ளிரவில் அழைப்பு வந்தால் உடனே புறப்பட வேண்டும். சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எடுத்த சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேல் அதிகம் காத்திராது. வாகனம் உள்ளவருக்கு அது ஓர் இரவுப் பயணம். கோலக் கெட்டில் பக்கம் தனியாக இருக்கும் மூதாட்டிக்கு?

டயாலிசிஸுக்குச் சொக்சோ உதவுகிறது. ஆனால் சந்தா கட்டியிருக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு, வீட்டை இழந்து, பட்டணத்துக்கு வந்து, குத்தகை வேலையும் நாள் சம்பளமுமாகக் காலம் தள்ளியவர் பெயரில் யார் சந்தா கட்டினார்கள்?

சென்னையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2008ல் இறந்தோர் உறுப்பு தானத் திட்டம் ஒழுங்காகத் தொடங்கியது. முறைப்படி உள்ளூர்க்காரருக்கே முதலிடம், வெளிநாட்டவர் கடைசி. அப்படியும் வெளிநாட்டவருக்கு இதயங்கள் அதிகம் போகின்றன என்று 2018ல் சர்ச்சை எழுந்தது. உள்ளூரில் யாரும் எடுத்துக்கொள்ளாதவைதான் போயின என்று பதில் வந்தது. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? அந்த அறுவைச் சிகிச்சையின் செலவை ஏழை தாங்குவானா? வரிசை நேராகத்தான் இருந்தது. ஏழையால்தான் அதில் நிற்க முடியவில்லை.

நம் பங்கு என்ன?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயதுவந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. எல்லா இனங்களிலும் நாம்தான் முதலிடம். டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவுதான் காரணம். ஆகவே 'யாருக்கு உறுப்பு?' என்பது நம் வீட்டுக் கேள்வி. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் சோதித்தோமா? முதலாளி சொக்சோ கட்டுகிறாரா என்று கேட்டோமா? டயாலிசிஸ் செய்யும் உறவினரின் பெயர் மாற்றுப் பட்டியலுக்குப் போயிருக்கிறதா என்று மருத்துவரிடம் விசாரித்தோமா?

இன்னொன்றும் உண்டு. பகிர்வது எப்படி என்று எவ்வளவு வாதாடினாலும், இருப்பதுதானே பகிரப்படும்? இறந்தோர் உறுப்பு தானத்தில் மலேசியா உலகில் மிகவும் பின்தங்கிய நாடுகளில் ஒன்று. 2007ல் இயந்திர இதயத்தோடு ஓராண்டுக்கு மேல் காத்திருந்த 14 வயதுச் சீனச் சிறுமிக்கு, பேரா மாநிலத்து மலாய்ச் சிறுவன் ஒருவனின் குடும்பம் இதயம் தந்தது. அதை அவள் உடல் ஏற்கவில்லை. மறுநாளே இன்னொரு குடும்பம் தந்த இதயம் அவளைக் காப்பாற்றியது. துக்க வீட்டில் நின்றுகொண்டு அந்த இரு குடும்பங்களும் 'அவள் யார், எந்த இனம், தகுதி உள்ளவளா?' என்று கேட்கவில்லை.

உறுப்பு தானத்துக்குப் பதிந்துவிட்டால் மட்டும் போதாது. நம் நாட்டில் கடைசி நேரத்தில் குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் செய்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. ஆகவே பதியுங்கள், பதிந்ததை மனைவியிடம், கணவரிடம், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். நாம் மாற்று உறுப்பு கேட்டு நிற்கும் நாளில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சம்மதம் சொல்ல வேண்டும். அதே சம்மதத்தை நம் குடும்பமும் சொல்ல வேண்டுமல்லவா?