இருபது கையெழுத்து

சென்ற வாரம் மேரி கில்லிஸைப் படகில் ஏற்றிவிட்டு, உங்களைக் கரையிலேயே நிற்க வைத்துவிட்டேன். மன்னியுங்கள். அந்தக் கரையில் ஒரு சிறுவனும் நின்றிருந்தான். மேரியின் மகன் நார்மன். ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. படகிலிருந்து அம்மா கையசைத்தார். அவனும் கையசைத்தான்.

அம்மா திரும்பி வரவேயில்லை.

கருவுற்றிருந்த ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்ப, ஏதாவது கப்பல் வராதா என்று கடலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய ஊர் அது. ஸ்காட்லாந்தின் ஹிர்ட்டாத் தீவின் ஒற்றைத் தெருவில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே கேள்விதான் வீடு வீடாகப் போய் வந்தது.

இனி இங்கே இருக்க முடியுமா?

நர்ஸ் வில்லியமினா பார்க்லே அந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்டார். வெளியூர்க்காரர் ஊரைக் கலைக்கப் பார்க்கிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராத்திரியில் யாருக்கு மூச்சுத் திணறினாலும் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த இயலாமை என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

கிழவிகள் மட்டும் எளிதில் அசைந்துகொடுக்கவில்லை. தெருவுக்குப் பின்னால் வட்டச் சுவருக்குள் இடுகாடு இருக்கிறது. பிறந்த பிள்ளைகளை வாரி வாரிக் கொண்டுபோன ‘எட்டு நாள் நோய்’ நினைவிருக்கிறதல்லவா? அந்தப் பிள்ளைகளும் அங்கேதான் கிடக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது?

இந்த நேரத்தில்தான் நார்மன் மக்கின்னன் வாயைத் திறந்தார். எட்டுப் பிள்ளைகளின் தகப்பன். அந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகள் வயிற்றை நிரப்ப அவர் பட்ட பாடு தெருவுக்கே தெரியும்.

“நாங்கள் போகிறோம்” என்றார்.

தெரு திகைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தீவில் இருந்ததே 36 பேர். மக்கின்னன் வீட்டில் மட்டும் 10 பேர். அவர்கள் போனால் மிச்சம் 26. அதில் கிழவர்களையும் குழந்தைகளையும் கழித்தால் படகைக் கடலில் தள்ள யார் இருக்கிறார்கள்? அலையில் துடுப்புப் போட யார்? ஃபுல்மார் பறவை பிடிக்கச் செங்குத்துப் பாறையில் ஒருவன் கயிற்றில் இறங்கினால், மேலே நின்று அவன் உயிரைப் பிடித்திருக்க ஆள் வேண்டாமா?

சோறு கொஞ்சம் குறைந்தால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்கள்தான். கை குறைந்தால் அந்தத் தீவில் பிழைக்க வழியே இல்லை. ஒரு வீடு கிளம்பினால் ஊரே கிளம்பியாக வேண்டும்.

1930 மே 10.

மேசைமேல் ஒரு கடிதம். லண்டனில் ஸ்காட்லாந்து விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் வில்லியம் ஆடம்சனுக்கு. சுரங்கத் தொழிலாளியாக இருந்து உயர்ந்தவர் அவர். போதகர் டூகல்ட் மன்றோவும் நர்ஸ் பார்க்லேயும் உடனிருந்தார்கள். ஆள் பலம் குறைந்துவிட்டது, சிலர் புறப்படத் தீர்மானித்துவிட்டார்கள், இந்த ஆண்டே எங்களை அழைத்துப்போய் வீடும் வேலையும் தேடித்தாருங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

ஆனால் அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

எங்களை எல்லாரையும் ஒரே இடத்தில் ஒன்றாகக் குடியமர்த்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

தினமும் காலையில் ஆண்கள் தெருவில் கூடி, அன்றைக்கு என்ன வேலை என்று பேசித் தீர்மானித்த ஊர். பிடித்த பறவைகளை வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொண்ட ஊர். பிரிந்து போனாலும் சரி என்கிறது! பிழைத்தால் போதும் என்று ஒரு ஊர் இந்த அளவுக்கு இறங்கிவருகிறதென்றால், உள்ளே எவ்வளவு நொறுங்கியிருக்க வேண்டும்?

பேனா கை மாறியது.

கயிறு பிடித்துக் காய்ப்பேறிய கைகள். கம்பளி நூல் நூற்ற விரல்கள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

இருபது கையெழுத்து. முடிந்தது.

அப்புறம் என்ன? காத்திருப்புதான். கப்பலுக்காகக் காத்திருந்து பழகியவர்கள், இந்த முறை பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

பதில் வந்தது. சம்மதம்!

ஆகஸ்ட் கடைசியில் ‘ஹேர்பெல்’ என்ற கடற்படைக் கப்பல் ஆட்களை ஏற்றிச்செல்லும். அதற்கு முன்பே ‘டுனாரா காசில்’ வந்து ஆடுமாடுகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கொண்டுபோகும். வெயில் காலம் முழுக்க ஓட்டமும் நடையுமாக இருந்தது ஊர். பாறைச் சரிவுகளில் மேய்ந்த ஆடுகளை வளைத்துப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்த வேலையில் வாலாட்டிக்கொண்டு கூடவே ஓடியவை வீட்டு நாய்கள்.

ஆடுகளுக்குக் கப்பலில் இடம் இருந்தது. மாடுகளுக்கும் இருந்தது.

நாய்களுக்கு?

புறப்படும் நேரம் நெருங்கியபோது, ஆண்கள் தங்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார்கள். கையில் கயிறு இருந்தது.

கல்லும் இருந்தது.

(அடுத்த வாரம்)