பழவேற்காட்டுச் சிவப்பும் நொய்யல் உப்பும்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இவர்கள் எதைத் தேடி இங்கே வந்து செத்தார்கள் என்றுதான். மிளகு என்பார்கள். துணியைத் தேடித்தான் வந்தார்கள்.

1613க்குள் கெல்ட்ரியா கோட்டை எழுந்துவிட்டது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க நம் கரைச் சாயத்துணி தேவைப்பட்டது. எந்தத் தீவுக்கு எந்தக் கட்டம், எவ்வளவு சிவப்பு என்பதைக் கடலுக்கு அப்பாலிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே துறையில் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

சிவப்பைத் தந்தது சாயவேர். நாட்டு வைத்தியர்கள் இம்பூறல் என்பார்களே, அதே செடி. கடலோர மணலில் விளையும். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, வேர்த்தண்ணீரில் காய்ச்சி, அலசி, வெயிலில் போடுவார்கள். நம்மவர் சாயமேற்றும் முறையை 1742இல் பிரெஞ்சுப் பாதிரியார் கெர்தூ கேட்டறிந்து ஊருக்கு எழுதி அனுப்பினார். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர் இருவர் அதே சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேர் தோண்டும் பிழைப்பு அத்தோடு படுத்தது.

நான் பொன்னேரிக்காரன். இளவயதில் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் உப்பு மூட்டை சுமந்தேன். பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் 1956இல் சந்தைக்கு வந்த சரக்கு. தண்ணீரில் பருத்தியும் அந்தச் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலில் ஏறும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு அவ்வளவும் வெளியே வரும். கலங்கிய நிறத்தைச் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைக்கலாம், கரைந்த உப்புக்கு அது பலிக்காது. அந்தத் தண்ணீர்தான் திருப்பூரின் நொய்யல் ஆற்றில் இறங்கியது. அந்த ஆற்றில் 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வேறெந்த ஆயக்கட்டுக்காரனும் அப்படிக் கேட்டு நான் அறியேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. அந்தச் செலவு பட்டறைக்காரன் தலையில் விழுந்தது, அரசும் கடன் கொடுத்தது. ஷேடு இம்மி பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பும் வெளிநாட்டு பிராண்டுகளின் தலையில் அது விழவில்லை. இது அநியாயம். டச்சுக்காரன் காலத்திலிருந்தே நிறத்தை முடிவு செய்கிறவன் தண்ணீருக்குப் பொறுப்பேற்பதில்லை.

இங்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சாயத்தைவிட இரும்பும் ரசாயனமும்தான் அதிகம். சாய ஆலை வந்தால்தான் என்ன, ஆரணியாறு விழும் பழவேற்காடு ஏரியே உப்புத்தானே என்று சிலர் பேசுகிறார்கள். ஆனால் நம் கிணறுகள் எல்லாமே உப்பாகிவிடவில்லை. ஏற்கெனவே சென்னைக்காக உறிஞ்சி உறிஞ்சி, மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. இன்னொரு உப்பை இந்த மண் தாங்காது.

ஆகவே, சாய ஆலைக்கென்று கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் எழுந்து நின்று கேளுங்கள்: நாளைக்கு எத்தனை டன் உப்பு, அது எங்கே போகும், பிரித்தெடுக்கும் செலவைத் துணி வாங்கும் கம்பெனி தருகிறதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.