மயில்வாகனத்துக்கு ஏறிய கொம்பு: சிரித்திரன் சித்திரங்களும் மறைந்த யாழ்ப்பாணமும்

யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் என்ற பெயரில் ஒருவராவது இல்லாத ஊரைக் காண்பது அரிது. முருகனின் வாகனத்தை நினைத்து வைக்கும் பெயர். அதன் முதலெழுத்துக்கு ஒற்றைக் கொம்பு போட்டு ‘மெயில்வாகனத்தார்’ என்றொரு சித்திரப் பாத்திரத்தை உருவாக்கினார் கேலிச்சித்திரக்காரர் சி. சிவஞானசுந்தரம். கொழும்பில் அரசாங்க உத்தியோகம், ஊரில் மனைவி பிள்ளைகள், வெள்ளி இரவு கோட்டை நிலையத்தில் யாழ்ப்பாண மெயில் றெயில், விடுமுறை முடிய மீண்டும் அதே மெயில் என்று வாழ்ந்த ஒரு தலைமுறையின் சீவியம் அந்த ஒரு கொம்புக்குள் அடங்கிவிட்டது.

1924இல் பிறந்த கரவெட்டியாரான சிவஞானசுந்தரம் கட்டடக்கலை படிக்கப் பம்பாய் சென்றவர்; ‘சுந்தர்’ என்ற பெயரில் வரைந்தார். தினகரன் பத்திரிகையில் வந்த ‘சவாரித் தம்பர்’ அவரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1963இல் கொழும்பில் சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் எல்லோரும் அந்த இதழில் குடியேறினார்கள். தாமோதரன் என்ற பெயரை ஆங்கில நாக்கால் உச்சரித்தால் வருவதுதான் டாமோடிரன். பெயரிலேயே பாதிக் கேலியை முடித்துவிடுவது சுந்தரின் வழக்கம்.

இச்சித்திரங்களின் ஆய்வுப் பெறுமதி முதலில் மொழியில் இருக்கிறது. 1841இல் உதயதாரகை பத்திரிகை வெளிவந்த நாள்தொட்டு யாழ்ப்பாணத்து அச்சுக்குச் செந்தமிழே உடுப்பு. பேச்சுவழக்கை எழுதலாமா கூடாதா என்று ஈழத்து இலக்கிய உலகம் 1960களின் முற்பகுதியில் கடுமையாகச் சண்டையிட்டது. மரபுப் போராட்டம் என்று அதைச் சொல்கிறோம். விமர்சகர் க. கைலாசபதி ஆசிரியராக இருந்த 1959–61 காலத் தினகரன் மண்வாசனை எழுத்துக்கு இடம் கொடுத்த பத்திரிகை. அந்த விவாதத்தைப் பேசும் ஆய்வாளர்கள் சிறுகதையையும் நாவலையும் எடுத்துக்கொண்டு சித்திரத்தை விட்டுவிடுகிறார்கள். இது பெரிய குறை என்பேன். படத்தில் இருப்பவர் வாய் திறந்தால் ஊர்ப்பேச்சுத்தான் வரவேண்டும். தம்பர் செந்தமிழ் கதைத்தால் அவர் தம்பராகவே இருக்கமாட்டார். விமர்சகர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த உரிமையைச் சித்திரம் கேட்காமலே எடுத்துக்கொண்டது.

தம்பரின் பெயரில் உள்ள சவாரி, மாட்டுவண்டிச் சவாரி. திருக்கலில் சோடி நாம்பன்களைப் பூட்டி, கையில் துவரங்கம்போடு திடலில் விரட்டுவது. சவாரி மாடு வைத்திருப்பது காசைத் தின்னும் வேலை. தோட்டத்து வருமானத்தில் ஒரு பங்கு மாட்டின் வயிற்றுக்கே போகும். வீட்டில் பெண்களின் முறைப்பாட்டையும் திடலில் ஆண்களின் வீம்பையும் அந்த ஒரு சொல் சேர்த்தே சொல்லிவிடும். அடைமொழியைக் கேட்டவுடனேயே ஆளை விளங்கிக்கொள்ளும் வாசகர் அன்று இருந்தார்கள். இன்றைக்கு அதற்கு இவ்வளவு விளக்கம் எழுதவேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, மலேசியாவின் கேலிச்சித்திரக்காரர் லாட் 1979இல் ‘கம்போங் பாய்’ நூலை வரைந்தபோது, வெள்ளீயச் சுரங்கம் தன் கிராமத்தை விழுங்க வருகிறது என்று தெரிந்தே வரைந்தார். பிரிவு அங்கே கோட்டிலேயே இருக்கிறது. சுந்தரின் கோட்டில் அந்தத் துயரம் கிடையாது. அவர் அந்த மாதத்து யாழ்ப்பாணத்தை அந்த மாதமே சிரிக்க வரைந்தார். ஏக்கத்தைப் பிறகு ஏற்றியது வரலாறு. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழரின் உத்தியோகக் கதவை ஒடுக்கியது. 1983 ஜூலைக் கலவரம் கொழும்புத் தமிழரை விரட்டியது. 1990 ஜூனில் யாழ்ப்பாண றெயில் நின்றது. பொருளாதாரத் தடைக்குள் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுதும் போரின் நடுவே மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான்கு மாதம் கழித்து, 1996 மார்ச்சில், சுந்தர் காலமானார்.

அவர் போட்ட கோடு மாறவில்லை, பார்க்கிறவர் மாறிவிட்டார். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் ஒருவர் தம்பரைப் பார்த்து முதலில் சிரிக்கிறார். பிறகு அந்த வேட்டிக்கட்டிலும் சால்வையிலும் சொந்த அப்புவைத் தேடுகிறார். சித்திரக்காரர் நகைச்சுவைக்காகப் போட்ட பின்புலம் பார்ப்பவருக்குச் சாட்சியமாகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த சமூகத்தில், மலிவான நகைச்சுவை இதழொன்று ஆவணமானதை நான் சிறிய விடயமாக எண்ணவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் சிரித்திரன் இதழ்கள் பல படியெடுக்கப்பட்டுள்ளன.

ஆனால் படி இருந்தால் மட்டும் போதாது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு றெயில் மீண்டும் வந்தது. அதில் ஏறும் பிள்ளைக்கு மெயில் என்றால் கைபேசியில் வரும் கடிதம். மெயில்வாகனத்தாரைக் காட்டினால் படத்தில் உள்ள மனிதர் தெரிவார், பெயரில் உள்ள சிரிப்புத் தெரியாது. வெள்ளி இரவு அந்த றெயிலில் இருக்கை பிடித்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், எண்பது வயதைத் தாண்டி. ஒவ்வொரு இதழாக அவர்கள் முன் வைத்து, ஒவ்வொரு பேச்சுக் குமிழுக்கும் பக்கத்தில் அவர்கள் சொல்லும் விளக்கத்தை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.