கடலற்ற நிலமும் கடற்படை வரலாறும்: தென்தமிழக வறண்ட நிலத்தை முன்வைத்து

முன்னுரை

இந்தியக் கடற்படையின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களையும் போர்களையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பகுதிகளுக்கு அதில் இடமில்லை. ஆயினும் 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர்கள் கடற்கரையுடைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. இப்பகுதிக்குக் கிழக்கே உச்சிப்புளியிலும் தெற்கே விஜயநாராயணத்திலும் இன்று கடற்படைத் தளங்கள் உள்ளன. செய்தித்தொடர்பை மையமாகக் கொண்டு நோக்கின், உள்நாட்டு நிலமும் கடற்படை வரலாற்றின் களமே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

செய்தியே படைக்கலன்: 1946, 1971

1946 பிப்ரவரி 18இல் தொடங்கிய கடற்படை எழுச்சியின் பிறப்பிடம் போர்க்கப்பல் அன்று. பம்பாயில் கரையில் இயங்கிய ‘தல்வார்’ என்னும் செய்தித்தொடர்புப் பயிற்சி நிலையம். மோசமான உணவும் இனவெறி வசவும் எழுச்சிக்கு உடனடிக் காரணங்கள். அது சில நாட்களில் பல துறைமுகங்களுக்குப் பரவியதில் கம்பியில்லாத் தந்தி முதன்மைப் பங்காற்றியது.

1971 போரின்போது விக்ராந்த் அந்தமான் பகுதியில் மறைத்துவைக்கப்பட்டது. அது விசாகப்பட்டினத்தருகே இருப்பதாகத் தோன்றும்படி ‘ராஜ்புத்’ என்னும் பழைய நாசகாரிக் கப்பலிலிருந்து பொய்ச் செய்திகள் அனுப்பப்பட்டன. பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி அத்துறைமுகத்தருகே மூழ்கியது. மூழ்கிய காரணம் குறித்து இருநாட்டுக் கூற்றுகளும் வேறுபடுகின்றன.

மானாவாரி நிலத்தில் கடற்படை

1967இல் முதல் ‘கல்வரி’ படையில் சேர்ந்தபின், மூழ்கியிருக்கும் கலத்திற்குச் செய்தி அனுப்புவது தனிச் சிக்கலாயிற்று. உவர்நீர் வானொலி அலைகளை விரைவில் உறிஞ்சிவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ் அதிர்வெண் அலைகள் நீருக்குள் ஓரளவு ஊடுருவும். அவற்றின் அலைநீளம் 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஆதலின் மிக உயர்ந்த கோபுரங்களும் பரந்த நிலமும் தேவைப்படுகின்றன.

1990 அக்டோபர் 20இல் திருநெல்வேலி மாவட்ட விஜயநாராயணத்தில் தொடங்கப்பட்ட ‘கட்டபொம்மன்’ தளம் இத்தேவையை நிறைவுசெய்தது. 2014இல் அங்குப் புதிய அலைபரப்பு நிலையமும் திறக்கப்பட்டது. உச்சிப்புளி வான்தளம் 2009இல் ‘பருந்து’ எனப் பெயர்பெற்றது. இப்பெயர்களுள் ஒன்று பாளையக்காரர் வரலாற்றையும் மற்றொன்று தமிழ்ச் சொல்லையும் கடற்படைக்குள் கொண்டுசென்றன.

போருக்கும் அமைதிக்கும் இடையே

அணு ஆற்றல் நீர்மூழ்கியான ‘அரிஹந்த்’ தன் முதல் தடுப்புச் சுற்றுக்காவலை முடித்ததாக 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய கலம் குண்டு வீசாத நாளிலும் கட்டளைக்குச் செவிசாய்த்திருத்தல் வேண்டும். எனவே அதற்குச் செய்தி அனுப்பும் நிலையத்திற்குப் போர்க்காலம், அமைதிக்காலம் என்ற பாகுபாடு இல்லை. அமைதிக்காலத்திலும் போரின் சுமையை அந்நிலம் தாங்குகிறது. போர் மூளின் பகைவரின் இலக்காகும் வாய்ப்பும் அதற்குண்டு.

முடிவுரை

தல்வார் முதல் கட்டபொம்மன் வரையிலான தொடர்ச்சி, கடற்படையின் ஆற்றல் கரையிலுள்ள செய்தி நிலையங்களையும் சார்ந்தது என்பதை உணர்த்துகிறது. மாவட்ட எல்லை பிரித்த கரிசலையும் கடலையும் வட்டார வரலாறு மீண்டும் இணைத்துக் காணவேண்டும். நில ஆவணங்கள், குடியிருப்பு மாற்றங்கள், ஊரார் வாய்மொழிகள் ஆகியனவும் கடற்படை வரலாற்றுக்கான சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.